தலைப்புக் கோப்பைத் தேடும் நெறி

ஈமாக்ஸ் உரைத்தொகுப்பிக்கெனச் சி மொழியில் நீட்சிக்கூறு ஒன்றை எழுதி நிரல்பெயர்ப்பியிடம் ஒப்படைப்போர் பலரும் முதலில் காண்பது ஒரே பிழைச்செய்திதான். ‘ஈமாக்ஸ்-மாட்யூல்.எச்’ என்ற பெயரில் கோப்போ அடைவோ இல்லை என்று ஒரு வரி தோன்றும். அத்துடன் நிரல்பெயர்ப்பு நின்றுவிடும். எழுதிய நிரலில் குறையேதும் இராது. ஈமாக்ஸும் அதே கணினியில் இயங்கிக்கொண்டிருக்கும். தேடப்படும் கோப்புகூட வட்டின் ஏதோவோர் அடைவில் இருக்கக்கூடும். எவரோ எங்கோ எழுதிவைத்த அடைவுப் பாதையொன்றைக் கட்டளையில் சேர்த்துப் பிழையைப் போக்கிக்கொள்வது பரவலான பழக்கம். பிழை போய்விடும். ஆனால் கிடைத்த கோப்பு எந்த ஈமாக்ஸுக்கு உரியது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கோப்பு கிடைக்காமற்போவது சிறு தடை. வேறொரு பதிப்பின் கோப்பு ஓசையின்றிக் கிடைத்துவிடுவதே அஞ்சத்தக்கது என்பது என் கருத்து.

நிரலின் தலையில் நிற்கும் ‘இன்க்ளூட்’ என்னும் ஆணை மிகப் பழையது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்துவந்த நாட்களில், 1972–73 அளவில், அம்மொழிக்கு முன்செயலி அமைந்தது. ஆலன் ஸ்னைடர் என்பாரின் வற்புறுத்தல் ஒரு காரணம். பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய மொழிகளில் கோப்பினுள் கோப்பைச் சேர்க்கும் வசதி பயன்பட்டுவந்தது மற்றொரு காரணம். முன்செயலியின் வேலை எளியது. சுட்டிய பெயருடைய கோப்பைத் தேடி எடுத்து, அதன் உரை முழுவதையும் அவ்வரி இருந்த இடத்தில் வைத்துவிடும். தலைப்புக் கோப்பு எனப்படும் அக்கோப்பில் செயற்கூறுகளின் அறிவிப்புகளும் தரவுக் கட்டமைப்புகளின் வரையறைகளும் இருக்கும். ஒரு செயற்கூறு எத்தனை உள்ளீடுகளை ஏற்கும், எவ்வகை விடையைத் தரும் என்பதை நிரல்பெயர்ப்பி அங்கிருந்தே அறிந்துகொள்ளும்.

எங்கே தேடுவது என்பதை மொழியின் தரப்பாடு அறுதியிட்டுச் சொல்லவில்லை. 1989-இல் ஏற்கப்பட்ட அமெரிக்கத் தரப்பாடு, இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய பெயருக்கு ஒரு தேடலும், கோணக் குறிகளுக்குள் எழுதிய பெயருக்கு இன்னொரு தேடலும் உண்டு என்றது. முன்னது தோற்றால் பின்னதைப் போலவே தேட வேண்டும் என்றும் கூறியது. அடைவுகளின் பட்டியலை நிரல்பெயர்ப்பியை ஆக்குவோரின் பொறுப்பில் விட்டுவிட்டது. ஒவ்வோர் இயக்குதளமும் ஒவ்வொரு வகையில் கோப்புகளை அடுக்கிவைத்திருந்த காலத்தில் வேறு எதையும் விதித்திருக்க முடியாது.

இன்று பெரிதும் வழங்கும் ஜிசிசி நிரல்பெயர்ப்பி பின்பற்றும் ஒழுங்கைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பின்னர் வரும் சிக்கல்கள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மேற்கோளுக்குள் எழுதப்பட்ட பெயரை அது முதலில் அந்த ஆணை இடம்பெற்ற கோப்பின் அடைவிலேயே தேடும். அங்கில்லையெனில் ‘-ஐகோட்’ தேர்வால் சுட்டிய அடைவுகளில் தேடும். அடுத்து வருவது பெரிய ‘ஐ’ எழுத்தாலான தேர்வு. அதன்வழிக் கொடுத்த அடைவுகள் இடமிருந்து வலமாக, எழுதிய வரிசையிலேயே ஆராயப்படும். கோணக் குறிப் பெயர்களுக்குத் தேடல் இங்கிருந்துதான் தொடங்கும். ‘சிபாத்’ என்னும் சூழல் மாறியில் எழுதிய அடைவுகள் இவற்றுக்குப் பிறகு வரும். ‘-ஐசிஸ்டம்’ தேர்வின் அடைவுகள் அதற்கும் பின்னர். இவை அனைத்தும் கைவிட்ட பிறகே நிரல்பெயர்ப்பி தனக்குள் பொறித்துவைத்திருக்கும் இயல்பு அடைவுகளை நாடும். டெபியன் வழிவந்த லினக்ஸ் தளங்களில் ஜிசிசியின் சொந்த அடைவு முதலிலும், ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடுத்தும், கணினிக் கட்டமைப்பின் பெயர் தாங்கிய அடைவு அதன் பின்னும், ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ இறுதியிலுமாக அவை அமையும். இவற்றுக்கும் பின்னால் தேடப்பட வேண்டியதைச் சொல்ல ‘-ஐடிர்ஆஃப்டர்’ என்றொரு தேர்வு உண்டு. அதை அறிந்தோர் சிலரே.

எந்தத் தேடலிலும் முதலில் அகப்பட்ட கோப்பே முடிவானது. அதே பெயரில் இன்னொரு கோப்பு அடுத்த அடைவில் உள்ளதா என்று நிரல்பெயர்ப்பி பார்ப்பதில்லை, இருந்தாலும் எச்சரிப்பதில்லை.

இனி ஈமாக்ஸுக்கு வருவோம். 1976-இல் எம்ஐடியில் டெக்கோ என்னும் தொகுப்பியின் மேல் கட்டப்பட்ட குறுநிரல்களாகப் பிறந்து, 1980-களின் நடுவில் ரிச்சர்ட் ஸ்டால்மனின் கையால் குனு ஈமாக்ஸாக மறுபிறப்பெடுத்த இக்கருவி, தொடக்கம் முதலே நீட்டிக்கப்படுவதற்கென்று அமைந்தது. ஆயினும் குனு ஈமாக்ஸில் அந்த நீட்டிப்பு நெடுங்காலம் லிஸ்ப் மொழியில் மட்டுமே நிகழ்ந்தது. சி மொழியில் எழுதிய நூலகத்தை இயங்கும் ஈமாக்ஸினுள் ஏற்றும் வழி இல்லை. நுட்பத் தடையைக் காட்டிலும் கொள்கைத் தடையே இதில் பெரிது. வெளி நூலகங்களை ஏற்ற வழி திறந்தால், மூலநிரல் காட்டாத தனியுடைமை நீட்சிகள் அவ்வழியே நுழைந்து, கட்டற்ற மென்பொருளின் உரிமத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்று ஸ்டால்மன் அஞ்சினார். ஜிசிசி குறித்தும் இதே அச்சம் இருந்தது. 2010-இல் வந்த அதன் 4.5 பதிப்பு, செருகுநிரல்கள் தம் உரிமம் குனு பொதுமக்கள் உரிமத்தோடு (ஜிபிஎல்) ஒத்துப்போவதை ஒரு குறியீட்டுப் பெயரால் அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டோடு கதவைத் திறந்தது. ஈமாக்ஸ் அதே பெயரைத் தானும் ஏற்றது. ‘ப்ளகின்_இஸ்_ஜிபிஎல்_கம்பாட்டிபிள்’ என்னும் அக்குறியீடு இல்லாத கூறை அது ஏற்க மறுத்துவிடும். டேனியல் கோலாசியோன் வரைந்த வடிவமைப்பை அடியொற்றி ஓரேலியன் ஆப்டெல் முதலானோர் ஆக்கிய இந்த இயங்குநிலைக் கூறு வசதி, 2016 செப்டம்பரில் வந்த 25.1 பதிப்பில் வெளியாயிற்று. அப்போது ஈமாக்ஸைக் கட்டும்போதே விரும்பிக் கேட்டால்தான் கிடைக்கும். தளம் இடங்கொடுக்கும் இடங்களிலெல்லாம் இயல்பாகவே கிடைக்கும் நிலை 2020-இல் வந்த 27.1 பதிப்பில்தான் ஏற்பட்டது.

இந்தக் கூறுக்கு வேண்டிய தலைப்புக் கோப்பு ஒன்றே ஒன்று, தொடக்கத்தில் கண்ட ‘ஈமாக்ஸ்-மாட்யூல்.எச்’. அதன் உள்ளே இருப்பதைப் பார்த்தால் அதை ஏன் இவ்வளவு கருத்தாகத் தேட வேண்டும் என்பது விளங்கும். வழக்கமான சி நூலகத்தில் தலைப்புக் கோப்பு ஒரு பாதி, இணைப்பி நாடும் நூலகக் கோப்பு மறுபாதி. ஈமாக்ஸின் கூறு எந்த நூலகத்தோடும் இணைக்கப்படுவதில்லை. ஈமாக்ஸின் எந்தச் செயற்கூறையும் அது பெயரால் அழைப்பதில்லை. கூறு ஏற்றப்பட்டதும் ஈமாக்ஸ் அதன் ‘ஈமாக்ஸ்_மாட்யூல்_இனிட்’ என்னும் தொடக்கச் செயற்கூறை அழைத்து, அதன் கையில் ஒரு கட்டமைப்பைக் கொடுக்கிறது. அதன்வழி ‘ஈமாக்ஸ்_என்வ்’ என்னும் இன்னொரு கட்டமைப்பு கிட்டும். அது செயற்கூறு சுட்டிகளின் நீண்ட அட்டவணை. முழு எண்ணை ஆக்குவது, சரத்தைப் படிப்பது, லிஸ்ப் செயற்கூறை அழைப்பது, பிழையை எழுப்புவது என 25-க்கும் மேற்பட்ட வேலைகளுக்கான சுட்டிகள் முதற்பதிப்பிலேயே அதில் இருந்தன. எந்தச் சுட்டி அட்டவணையின் எந்த இடத்தில் உள்ளது என்பதைத் தலைப்புக் கோப்பு மட்டுமே சொல்கிறது. கூறும் ஈமாக்ஸும் செய்துகொள்ளும் உடன்படிக்கை முழுவதும் அந்த ஒரு கோப்பில் அடங்கியிருக்கிறது.

அவ்வட்டவணையை வளர்ப்பதற்கு ஈமாக்ஸ் ஆக்குநர்கள் கண்ட வழி போற்றத்தக்கது. ஒரு பேருந்துத் தடத்தில் புதிய நிறுத்தங்களைக் கடைசி நிறுத்தத்திற்கு அப்பால் மட்டுமே சேர்ப்பது போல, புதிய சுட்டிகளை அவர்கள் அட்டவணையின் வாலில் மட்டுமே சேர்க்கிறார்கள். பழைய சுட்டிகள் இடம் மாறுவதில்லை, நீக்கப்படுவதுமில்லை. 26-ஆம் பதிப்பு, பயனர் வேலையை நிறுத்தச் சொன்னாரா என்று பார்க்கும் சுட்டியைச் சேர்த்தது. 27-ஆம் பதிப்பு காலத்தையும் பேரெண்களையும் கையாளும் சுட்டிகளைச் சேர்த்தது. 28-ஆம் பதிப்பில் பிற இழைகள் ஈமாக்ஸுக்குச் செய்தி அனுப்ப உதவும் ‘ஓபன்_சேனல்’ முதலியன வந்தன. அட்டவணையின் முதல் உறுப்பு அதன் நீளம். ஈமாக்ஸ் தான் தரும் அட்டவணையின் நீளத்தை அதில் எழுதித் தருகிறது. கூறு அதைத் தான் அறிந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது தவறான கோப்பு கிடைக்கும் நேர்வுக்கு வரலாம். ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஈமாக்ஸ் 26-ஐ மூலநிரலிலிருந்து கட்டி, வழக்கப்படி ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவின் கீழ் நிறுவினார் என்று கொள்வோம். பின்னாளில் அதன் இயங்கு கோப்பை நீக்கிவிட்டு, இயக்குதளத்தின் பொதியிலிருந்து ஈமாக்ஸ் 29-ஐ நிறுவிக்கொள்கிறார். இயங்குவது 29. ஆனால் 26-இன் தலைப்புக் கோப்பு ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடைவில் அப்படியே கிடக்கிறது. மேற்சொன்ன ஒழுங்கின்படி அந்த அடைவே முன்னால் தேடப்படும். ஆகவே ‘ஓபன்_சேனல்’ சுட்டியைப் பயன்படுத்தும் கூறை அவர் பெயர்க்க முற்பட்டால், அப்படியோர் உறுப்பே கட்டமைப்பில் இல்லை என்று நிரல்பெயர்ப்பி மறுக்கும். ஈமாக்ஸின் கையேடு உண்டு என்கிறது. நிரல்பெயர்ப்பி இல்லை என்கிறது. இரண்டும் தத்தம் அளவில் மெய்யே பேசுகின்றன. இத்தகைய பிழையைப் பார்த்துத் தம் நிரலைத் திருத்தத் தொடங்குவோர் மணிக்கணக்கில் நேரத்தை இழப்பர்.

இது இடர் குறைந்த திசை, நிரல்பெயர்ப்பின்போதே வெளிப்பட்டுவிடுகிறது. மறுதிசை மோசமானது. புதிய தலைப்புக் கோப்பைக் கொண்டு பெயர்த்த கூறைப் பழைய ஈமாக்ஸ் ஏற்றினால், நிரல்பெயர்ப்பில் ஒரு குறையும் தெரியாது. தொடக்கச் செயற்கூறில் நீளத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வரி இருந்தால் அது சுழியல்லாத எண்ணைத் திருப்பித் தரும்; கூறின் தொடக்கம் தோற்றது என்று ஈமாக்ஸ் பிழை காட்டி நிற்கும். அந்த வரியை எழுத மறந்திருந்தால், அட்டவணையின் எல்லைக்கு அப்பாலுள்ள நினைவகத்தைச் சுட்டியென்று நம்பிக் கூறு அங்கே தாவும். தொகுப்பியே சரிந்துவிழும். சேமிக்காத உரைகளின் கதி பிறகு எப்படியோ.

இதில் நுட்பமான இன்னொரு விளைவும் உண்டு. ஈமாக்ஸ் கையேடு காட்டும் ஒப்பீடு, தலைப்புக் கோப்பு அறிந்த முழு நீளத்தையும் கேட்கிறது. ஆகையால் 29-இன் தலைப்புக் கோப்போடு பெயர்த்த கூறு, 25-இல் இருந்த சுட்டிகளை மட்டுமே பயன்படுத்தினாலும், பழைய ஈமாக்ஸில் ஏற மறுக்கும். எந்தத் தலைப்புக் கோப்பு கிடைத்தது என்பதே, எந்த ஈமாக்ஸில் கூறு ஓடும் என்பதை முடிவுசெய்துவிடுகிறது. இதைத் தவிர்க்க விரும்புவோர், புதிய தலைப்புக் கோப்பிலும் பேணப்படும் பழைய பதிப்புகளின் கட்டமைப்புப் பெயர்களைச் சுட்டி, தமக்கு வேண்டிய நீளத்தோடு மட்டும் ஒப்பிடலாம்.

தலைப்புக் கோப்பைத் தம்முடனேயே சுமந்துவரும் நீட்சிகள் இருப்பதற்கு இதுவே தக்க காரணம். ஈமாக்ஸுக்குள் முழுமையான முனையத்தைத் தரும் வீடெர்ம் நீட்சியின் மூலநிரல் அடைவில் ‘ஈமாக்ஸ்-மாட்யூல்.எச்’ கோப்பின் படி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பயனரின் கணினியில் அக்கோப்பு எங்குள்ளது என்ற தேடலே அதற்கு வேண்டியதில்லை. பிறருடைய தலைப்புக் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்வதைப் பொதுவாக நான் ஏற்பதில்லை. ஆனால் வாலில் மட்டுமே வளரும் அட்டவணைக்கு அது தீங்கு செய்யாது. பழைய படி புதிய ஈமாக்ஸுக்கும் பொருந்தும். 2023 சூலையில் வந்த ஈமாக்ஸ் 29.1 முதல் உள்ளமைந்த ஆதரவு பெற்ற, நிரலைப் பகுத்தாயும் ட்ரீ-சிட்டர் இலக்கணங்களிலும் இதே வழக்கம் உண்டு. இலக்கணத்திலிருந்து பிறப்பிக்கப்படும் சி நிரல், ‘பார்சர்.எச்’ என்னும் தன் தலைப்புக் கோப்பை அருகிலேயே வைத்திருக்கும். அவை ஈமாக்ஸின் கூறுகள் அல்ல என்பதால் ஈமாக்ஸின் தலைப்புக் கோப்பு அவற்றுக்குத் தேவையும் இல்லை.

பைத்தானின் நிலை வேறு. அதன் உட்கட்டமைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. ஆகவே ‘பைத்தான்.எச்’ கோப்பு பதிப்பெண் தாங்கிய தனி அடைவில் வைக்கப்படுகிறது, டெபியனில் 3.11-க்கு ஓர் அடைவு, 3.12-க்கு ஓர் அடைவு. எந்த அடைவு என்பதைப் பைத்தானே கேட்பவர்க்குச் சொல்லும். பைத்தான் ஆதரவோடு விம் தொகுப்பியைக் கட்டுவோர் எந்தப் பைத்தான் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவிக்க நேர்வதும் இதனால்தான். அந்தக் கோப்பைப் படியெடுத்து நீட்சியோடு அனுப்புவது அழிவை அஞ்சல் செய்வதாகும்.

ஈமாக்ஸின் தலைப்புக் கோப்பு மெய்யாகவே எங்கே இருக்கும்? மூலநிரலிலிருந்து நிறுவியவர்க்கு, நிறுவல் முன்னொட்டின் கீழுள்ள ‘இன்க்ளூட்’ அடைவில். டெபியன் போன்றவற்றில் ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவில். ஃபெடோராவில் தலைப்புக் கோப்புக்கெனத் தனிப் பொதியே உண்டு. அதை நிறுவாதவரை கோப்பு வட்டிலேயே இராது, எவ்வளவு தேடினும் பயனில்லை. நிக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பொதியும் தனக்கென நீண்ட பெயருடைய அடைவில் வாழ்வதால், இயல்பு அடைவுகள் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும்.

மேக் கணினிகளில் கதை சுவையானது. 2018-இல் வந்த மொஹாவே முதல் அங்கே ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவு இல்லை. தளத்தின் தலைப்புக் கோப்புகள் ஆக்குநர் கருவித்தொகுப்பின் உள்ளே சென்றுவிட்டன. ஆப்பிளின் க்ளாங் நிரல்பெயர்ப்பி ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்’ அடைவை மட்டும் தொடர்ந்து இயல்பாகத் தேடிவந்தது. ஹோம்ப்ரூ என்னும் பொதி மேலாளர் இன்டெல் செயலி கொண்ட மேக்குகளில் ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவின் கீழ்தான் எல்லாவற்றையும் நிறுவியது. எனவே ஈமாக்ஸின் தலைப்புக் கோப்பும் யாரும் சொல்லாமலே அகப்பட்டது. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது, ஹோம்ப்ரூ ‘/ஆப்ட்/ஹோம்ப்ரூ’ அடைவுக்குக் குடிபெயர்ந்தது. அதை க்ளாங் இயல்பாகத் தேடுவதில்லை. பல ஆண்டுகள் பிழையின்றிப் பெயர்ந்த நீட்சிகள் ஒரே எழுத்தும் மாறாமல் புதிய கணினிகளில் தோற்றன. அதுவரை அவை நற்பேற்றினால் ஓடிவந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது.

இத்தனை இடங்களையும் ஒரு கட்டுமானக் கோப்பில் வரிசையாக எழுதி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது பலர் செய்வது. நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். எந்த ஈமாக்ஸில் கூறு ஏறப்போகிறதோ அந்த ஈமாக்ஸையே கேட்பது முறை. திரையின்றி ஓடும் தொகுதி முறையில் அதை அழைத்து, ஒரு லிஸ்ப் கோவையை மதிப்பிடச் சொல்லலாம். முதற்கேள்வி, ‘மாட்யூல்-ஃபைல்-சஃபிக்ஸ்’ என்னும் மாறியின் மதிப்பு என்ன என்பது. அது வெறுமையாக இருந்தால் அந்த ஈமாக்ஸ் கூறுகளை ஏற்கும்படி கட்டப்படவே இல்லை. தலைப்புக் கோப்பைத் தேடுவது வீண். அடுத்த கேள்வி ‘டேட்டா-டைரக்டரி’ மாறி பற்றியது. நிறுவப்பட்ட ஈமாக்ஸில் அது ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/ஈமாக்ஸ்/29.1/இடிசி’ என்பது போல விடை தரும். அங்கிருந்து நான்கு படி மேலேறினால் நிறுவல் முன்னொட்டு. அதன் கீழ் ‘இன்க்ளூட்’. நிறுவாமல் மூலநிரல் அடைவிலிருந்தே ஓடும் ஈமாக்ஸுக்கு இக்கணக்கு பொருந்தாது. அங்கே ‘இடிசி’ அடைவுக்குப் பக்கத்திலுள்ள ‘எஸ்ஆர்சி’ அடைவில் கோப்பு இருக்கும். இயங்கு கோப்பின் இருப்பிடத்தைக் கொண்டு கணக்கிடுவோரும் உளர்; ஆனால் டெபியனிலும் ஹோம்ப்ரூவிலும் அது குறியீட்டு இணைப்பாக இருப்பதால், இணைப்பைப் பின்தொடராமல் கணக்கிட்டால் வழி தவறும்.

இவ்வாறு பெற்ற அடைவைப் பெரிய ‘ஐ’ தேர்வின்வழிக் கொடுத்தால், ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவில் கிடக்கும் பழைய கோப்பை அது முந்திவிடும். ஒரு விலக்கு உண்டு. கொடுத்த அடைவு ஏற்கெனவே இயல்புப் பட்டியலில் இருந்தால், ஜிசிசி நம் சொல்லைப் புறக்கணித்து அதன் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளும். ஈமாக்ஸ் 29 ‘/யுஎஸ்ஆர்’ அடைவிலும் பழைய கோப்பு ‘/யுஎஸ்ஆர்/லோக்கல்’ அடைவிலும் இருக்கும் நம் எடுத்துக்காட்டில் இதுவே நேரும்; அங்கே பழைய கோப்பை நீக்குவதைத் தவிர நேர்மையான தீர்வு இல்லை. உடன் சுமந்துவந்த படியைக் கடைசிப் புகலாக மட்டும் வைக்க எண்ணினால், கோணக் குறிகளில் பெயரை எழுதி, படியுள்ள அடைவை ‘-ஐடிர்ஆஃப்டர்’ தேர்வால் சுட்டலாம். அந்த அடைவு மூலநிரல் கோப்பின் அடைவாகவே இருந்தாலும் தீங்கில்லை. படியே எப்போதும் வெல்ல வேண்டுமாயின் மேற்கோளில் எழுதிப் பக்கத்திலேயே வைப்பது போதும்.

எந்தக் கோப்பு உண்மையில் எடுக்கப்பட்டது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரிய ‘எச்’ எழுத்தாலான தேர்வைச் சேர்த்தால், எடுத்த ஒவ்வொரு தலைப்புக் கோப்பின் பாதையையும் நிரல்பெயர்ப்பி வரிவரியாக அச்சிடும். தலைப்புக் கோப்பின் உள்ளேயும் ‘ஈமாக்ஸ்_மேஜர்_வெர்ஷன்’ என்ற எண் எழுதப்பட்டிருக்கும். அது அந்தக் கோப்பின் பதிப்பைச் சொல்வதே அன்றி, இயங்கும் ஈமாக்ஸின் பதிப்பை அன்று.

ஈமாக்ஸைப் புதுப்பித்த பின்னரும் கூறு பழையபடியே இருந்துவிடுவதற்கு இன்னுமோர் இடம் உண்டு. ‘மேக்’ என்னும் கட்டுமானக் கருவிக்குச் சார்புகளைத் தெரிவிக்கப் பலரும் பயன்படுத்தும் ‘-எம்எம்டி’ தேர்வு, இயல்பு அடைவுகளில் கிடைத்த தலைப்புக் கோப்புகளைச் சார்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ‘/யுஎஸ்ஆர்/இன்க்ளூட்’ அடைவிலுள்ள ஈமாக்ஸின் கோப்பு மாறினாலும், மாறியதை ‘மேக்’ அறியாது. பழைய இடைக்கோப்பையே மீண்டும் இணைத்துத் தரும். அவ்விடத்தில் ‘-எம்டி’ தேர்வை எழுத வேண்டும்.